நான்கு பக்கம் குறைந்த கதை

அந்தக் கல்லூரியில் அவருடைய உண்மைப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியாது. 'அடிக்குறிப்பு' என்று கேட்டால் மாடியில் கடைசி அறை என்று கையைக் காட்டிவிடுவார். முப்பது வருடமாக இலக்கியம் சொல்லிக்கொடுக்கிற மனுஷர். எதைச் சொன்னாலும் அதன் கீழே ஒரு குறிப்புப் போடாமல் விடமாட்டார். "இன்னிக்கு வகுப்பு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனால் போதாதா? "இல்லைன்னா, எனக்குத்தான் இல்ல. உங்களுக்கு நூலகத்துல இருக்கு" என்று ஒரு வால் சேர்ப்பார். பிள்ளைகள் பட்டப்பெயர் வைக்காமல் வேறு என்ன செய்வார்கள்?

அவரை நாலு பேருக்குத் தெரியவைத்தது ஒரே ஒரு கட்டுரை. அதுவும் ஒரே ஒரு கதையைப் பற்றியது. அவர் மாணவராக இருந்தபோது கல்லூரி நூலகத்தில் ஒரு பழைய சிறுபத்திரிகையைக் கண்டெடுத்தார். மொத்தம் நாலு இதழ் வந்து நின்றுபோன பத்திரிகை. அச்சடித்ததே இருநூற்றைம்பது பிரதி, அதிலும் பாதி எடைக்குப் போயிருக்கும். அதில் ஒரு கதை. வாடகை அறையில் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருக்கிறாள். மாடிப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம். கதவு இரண்டு தடவை தட்டப்படுகிறது. அவள் எழுந்து போய்க் கதவருகே நிற்கிறாள். அவ்வளவுதான். பக்கத்தின் கடைசி வரி அது. அடுத்த பக்கத்தில் வேறொருவரின் கட்டுரை தொடங்கிவிடுகிறது.

திறந்தாளா? தெரியாது. வந்தது யார்? அதுவும் தெரியாது. நம்மாளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போனது. நவீன மனிதனுக்கு எந்தக் கதவும் திறப்பதில்லை என்று நாற்பத்திரண்டு பக்கம் எழுதித் தள்ளினார்.

அதோடு நின்றாரா? பத்திரிகையின் உள்ளடக்கத்தில் 'காலி நாற்காலி' என்று ஒரு கவிதையின் பெயர் இருந்தது. உள்ளே தேடினால் கவிதையைக் காணோம். பக்க எண் போடுவதையே கேவலமாக நினைத்த பத்திரிகை அது, ஆகவே எண்ணிப் பார்க்கவும் வழியில்லை. சாதாரண ஆளாக இருந்தால் என்னமோ கோளாறு என்று விட்டிருப்பான். இவர் அரைப் பக்கத்துக்கு ஓர் அடிக்குறிப்புப் போட்டார். தலைப்பு மட்டுமே உள்ள கவிதை இது, இல்லாமைதான் இதன் உடம்பு என்று. படித்தவர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அந்தக் கதையை எழுதிய பெண் அதன்பிறகு எதுவும் எழுதவில்லை. எழுத்தையே துறக்கிற துணிச்சல் என்று அதற்கும் இவரே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்தார்.

பிறகு என்ன, டாக்டர் பட்டம், வேலை, மேடை, மாலை. கதை பாடப்புத்தகத்தில் ஏறியது, அவர் கண்டெடுத்த நூலகப் பிரதியிலிருந்தே எடுத்து. 'கதையின் இறுதியில் உள்ள மௌனத்தை விளக்குக' என்று பத்து மதிப்பெண் கேள்வி வருடா வருடம் வந்தது. இருபத்தைந்து வருடப் பிள்ளைகள் அந்த மௌனத்தை மனப்பாடம் செய்து எழுதித் தேறினார்கள்.

வீட்டில் நிலைமை வேறு. மனைவிக்குத் தபால் ஆபீஸில் வேலை, கடிதம் பிரிக்கிற பகுதியில். பஸ்ஸில் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. அந்த நேரத்துக்கென்று அவள் மாத நாவல் வாங்குவாள். காதல் கதை, கடத்தல் கதை, கப்பல் கவிழ்கிற கதை, எதுவானாலும் சரி, தொண்ணூற்றாறு பக்கத்துக்குள் முடிந்துவிட வேண்டும். அட்டையில் ஒருத்தி கண்ணீர் ததும்ப நிற்பாள், பின்னால் ஒருத்தன் மோட்டார் சைக்கிளில் போவான். அந்த அட்டைகளைப் பார்த்தாலே பேராசிரியருக்கு உடம்பு கூசும். உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் செய்தித்தாளில் அட்டை போட்டுச் சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கிவிடுவார். ஒருமுறை அது யார் கண்ணிலோ பட்டபோது, "பக்கத்து வீட்டம்மாவோடது" என்று கூசாமல் சொன்னார். அவள் அப்போது இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

ஓய்வுபெற நாலு வருடம் இருக்கும்போது அவரிடம் ஒரு ஆராய்ச்சி மாணவி வந்து சேர்ந்தாள். பேருந்து நிலையத்தில் பத்திரிகைக் கடை வைத்திருக்கிறவரின் மகள். கடையில் உட்கார்ந்து படித்தே வளர்ந்தவள். தலைப்பு, மாத நாவல்களில் காதலும் சாகசமும். வேறு யாரும் ஏற்கவில்லை என்பதால் இவர் தலையில் விழுந்தது. "பண்ணும்மா, பண்ணு. குப்பையிலயும் ஆராய்ச்சிக்கு ஏதாவது அகப்படும்" என்றார். அவள் சிரிக்கவில்லை. "அகப்படும் சார்" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாவது வருடம், ஒரு மத்தியான வேளையில், அவள் ஒரு பிளாஸ்டிக் உறையோடு அவர் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"சார், முந்நூறு மாத நாவல் எழுதின ஒரு அம்மாவைப் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"சரி."

"அவங்க சின்ன வயசுல வேற பேர்ல ஒரு கதை எழுதியிருக்காங்க சார். நம்ம பாடத்துல இருக்கிற கதை. பின்னால அதையே ஒரு நாவலுக்கு முதல் அத்தியாயமாவும் வச்சிருக்காங்க."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் உறையிலிருந்து பத்திரிகையை எடுத்து மேசையில் வைத்தாள். அதே இதழ். அதே மங்கிய அட்டை. நடுவில் இரண்டு பின் அடித்த பத்திரிகை, எல்லாரும் பார்த்திருப்போம். அதில் ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம். நடுத்தாள் பின்னிலிருந்து கழன்று விழுந்தால் அந்த நான்கு பக்கமும் சத்தம் போடாமல் போய்விடும், மிச்சமெல்லாம் முழுசாகவே தெரியும். நூலகப் பிரதியில் அதுதான் நடந்திருந்தது. இந்தப் பிரதியில் நடுத்தாள் இருந்தது.

அவர் படித்தார். அவள் கதவைத் திறக்கிறாள். தங்கை நிற்கிறாள், கையில் ஒரு பெட்டியோடு, தெப்பலாக நனைந்து. "எங்கே போவேன்னு தெரியல, உன்கிட்ட வந்துட்டேன்" என்கிறாள். அக்கா அவளை உள்ளே இழுத்துத் தலையைத் துவட்டிவிடுகிறாள். ஒன்றரைப் பக்கம். அதற்கடுத்த பக்கத்தில் 'காலி நாற்காலி'. முடிவெட்டுகிற கடை நாற்காலியைப் பற்றிப் பதினோரு வரி. சுமாரான கவிதை என்று சொல்வதே தாராளம். தாளின் நான்காம் பக்கத்தில் சந்தா விவரம்.

முகத்தில் ஈயாடவில்லை அவருக்கு. ஆனாலும் படிப்பு என்று ஒன்று இருக்கிறதே, அது லேசில் விடுமா? "இது பின்னால சேத்ததா இருக்கலாம்மா. இடைச்செருகல்" என்றார்.

"பின்னோட துருக்கறை எல்லாப் பக்கத்துலயும் ஒரே இடத்துல இருக்கு சார். பாத்துட்டேன்."

அவரும் பார்த்தார். துரு பொய் சொல்லவில்லை.

"அந்தம்மா ஏன் இத்தனை வருஷம் வாயைத் திறக்கல?"

"அதையும் கேட்டேன் சார். 'பாடத்துல வந்ததைப் பாத்தேன், யாரும் என்கிட்ட கேக்கல. நான் அப்போ மாசம் ரெண்டு நாவல் குடுத்துக்கிட்டிருந்தேன், வீட்ல மூணு பிள்ளைங்க. கதவு திறந்துச்சுன்னு யார்கிட்ட போய்ச் சண்டை போடறது'ன்னு சொல்லிச் சிரிச்சாங்க."

பிறகு மாணவி, கண்ணை மேசையிலேயே வைத்துக்கொண்டு, "இதை ஒரு அத்தியாயமா எழுதியிருக்கேன் சார். யார்கிட்டயும் காட்டல. உங்ககிட்டதான் முதல்ல" என்றாள்.

ஒரு நல்ல வாத்தியார் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாமலில்லை. அதைத்தான் முப்பது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். தன் முறை வந்ததும் என்ன சொன்னார் தெரியுமா?

"உன் தலைப்பு மாத நாவல்தானேம்மா. இந்தக் கதைக்கு அங்க என்ன வேலை? ஆய்வு திசைமாறிப் போகும். அந்த அத்தியாயத்தை எடுத்துடு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. பத்திரிகையை மறுபடி உறைக்குள் போட்டு, "சரி சார்" என்றாள். அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த 'சரி சார்' நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே மனைவி, வேலையிலிருந்து வந்த களைப்போடு, காலை நீட்டி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும்தான் இருபத்தோரு வருடத்துக்கு முந்தைய அந்த நாள் முழுசாக நினைவுக்கு வந்தது. வந்ததும் கூனிக் குறுகிப் போனார்.

அன்றைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பேச்சு அந்தக் கதையைச் சுற்றித்தான். தேநீர் கொண்டுவந்தவள், தட்டைக் கையில் பிடித்தபடியே, "அந்தக் கதைக்கு முடிவு இருக்கே. அவ கதவைத் திறக்கிறா, தங்கச்சி நிக்கிறா. நான் போன மாசம் ஒரு நாவல்ல படிச்சேன், வரிக்கு வரி அதேதான்" என்றாள். கல்யாணமான புதிதில் அந்தக் கதையை அவளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியதே அவர்தான். அவள் மறக்கவில்லை. அந்த நாவலை எழுதியதும் இதே அம்மாதான் என்பது இப்போதல்லவா தெரிகிறது. தன் பழைய கதையையே முதல் அத்தியாயமாக வைத்து அந்த அம்மா எழுதியிருக்கிறார்.

அப்போது பேராசிரியர் என்ன செய்தார்? சிரித்தார். "இவ படிக்கிற புத்தகத்துல எல்லாக் கதவும் திறந்தே ஆகணும். இல்லைன்னா கல்யாணம் எப்படி நடக்கும்" என்றார். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளும் சேர்ந்து லேசாகச் சிரித்துவிட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தைப் பற்றியும் அவள் அவரிடம் வாயைத் திறந்ததில்லை. அப்பாடா, தொல்லை விட்டது என்றுதான் அவர் நினைத்திருந்தார். மனுஷர் செய்த காரியத்தைப் பாருங்கள்.

இப்போது போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு மூன்று தடவை வாயெடுத்தார். "என்னங்க?" என்று அவள் கேட்டதும், "குடை எங்க?" என்று வேறெதையோ கேட்டு வைத்தார். அவளிடம் சொன்னால் மாணவியிடமும் சொல்ல வேண்டும், கல்லூரியிலும் சொல்ல வேண்டும், பாடப்புத்தகக்காரர்களிடமும் சொல்ல வேண்டும். ஓய்வுபெறுகிற நேரத்தில் இது தேவையா என்று ஒரு மனது. நீயெல்லாம் ஒரு வாத்தியாரா என்று இன்னொரு மனது. வகுப்பில் அந்தப் பாடம் வந்த வாரம் உடம்பு சரியில்லை என்று விடுப்புப் போட்டுவிட்டார். கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்யும்போது கன்னத்தை மட்டும் பார்த்துக்கொள்வார், கண்ணைப் பார்ப்பதில்லை.

ஏழு மாதம் போனது. மாணவியின் வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. கருத்தரங்க அறை, முப்பது நாற்காலி, முன்வரிசையில் துறை ஆசிரியர்கள், பின்னால் பிள்ளைகள். வெளித் தேர்வாளராக வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அன்றைக்கு வீட்டுக்கு வந்து சிரித்த இரண்டு பேரில் ஒருவர். தலை முழுக்க நரைத்திருந்தது, குரல் மட்டும் அப்படியே.

அவர் ஆய்வேட்டைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார். மாணவி ஐம்பது நாவல்களுக்குக் கதைச் சுருக்கம் கொடுத்திருந்தாள். அதில் ஒன்று.

"இந்த நாவலோட ஆரம்பத்தைப் பாருங்க. வாடகை அறை, மாடிப்படி, ரெண்டு தட்டு. இது பாடத்துல இருக்கிற கதை. ஊருக்கே தெரியும். உங்க கைடு இதுல பெரிய ஆளு. இது உங்க கண்ணுல படலையா?"

மாணவி ஒரு கணம் பேராசிரியரைப் பார்த்தாள். பார்வையை உடனே விலக்கிக்கொண்டாள்.

"கவனிக்கல சார்."

"கவனிக்கலையா? அப்பட்டமான திருட்டும்மா இது. இந்த மாத நாவல் எழுதறவங்க கைக்குக் கிடைச்சதைச் சுருட்டிக்குவாங்க, தெரிஞ்ச விஷயம்தான். ஆனா ஆராய்ச்சி பண்ற நீங்க கண்டுபிடிக்க வேண்டாமா? இதுகூடத் தெரியாம எப்படிப் பட்டம் குடுக்கறது? ஒரு வருஷம் எடுத்துக்கிட்டு ஒழுங்காத் திருத்திக் கொண்டாங்க."

பின்வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். மாணவி தலையைக் குனிந்தபடி நின்றாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. இவருக்காகத் தன்னை மட்டமாக்கிக்கொண்டு நிற்கிறாள். சொந்தக் கதையைத் தானே எடுத்து எழுதிய அந்த அம்மாவுக்குத் திருடி என்று பெயர். பேராசிரியருக்குப் பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. பூமி எங்கே பிளக்கிறது? அவரே எழுந்துதான் ஆக வேண்டியிருந்தது.

"அவ கவனிச்சா. தனி அத்தியாயமே எழுதினா. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"யாரும் திருடல. ரெண்டையும் எழுதினது ஒரே அம்மாதான். அந்தக் கதைக்கு முடிவு இருக்கு. நான் படிச்ச பிரதியில நடுத்தாள் கழண்டு விழுந்திருக்கு. விழுந்துபோன நாலு பக்கத்தைப் பத்திதான் நாற்பத்திரண்டு பக்கம் எழுதி, அதை வச்சே இத்தனை வருஷம் பிழைச்சிருக்கேன். உண்மை கைக்கு வந்தப்புறமும் ஏழு மாசமா மூடி வச்சேன். அது பயத்துல."

இதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் மிச்சம் வைத்தால் அது இன்னும் பெரிய அசிங்கம் என்று அவருக்குப் பட்டது.

"இன்னொண்ணும் இருக்கு. இதை முதல்ல கண்டுபிடிச்சது இந்தப் பொண்ணும் இல்ல. இருபத்தோரு வருஷம் முன்னாடி என் பொண்டாட்டி சொன்னா."

அறையே கொல்லென்று சிரித்தது. பாவம், இறுக்கத்தைத் தளர்த்துவதற்காக நகைச்சுவை சொல்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். முன்வரிசையில் ஒருவர் கையைக்கூடத் தட்டினார். பேராசிரியர், சிரிப்பு அடங்குகிற வரைக்கும் நின்றார். பிறகு வெளித் தேர்வாளரைப் பார்த்து, "நிஜமாத்தான் சொல்றேன். நீங்களும் அன்னிக்கு எங்க வீட்ல இருந்தீங்க. நானும் சிரிச்சேன், நீங்களும் சிரிச்சீங்க" என்றார்.

வெளித் தேர்வாளர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "அப்படியா? எனக்கு ஞாபகமே இல்லையே சார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சிரித்தவர்களுக்கு எது நினைவிருக்கிறது?

அத்தியாயத்தைத் திரும்பச் சேர்த்து இரண்டு மாதத்தில் கொடுத்தால் போதும் என்று முடிவானது. எல்லாரும் கலைந்தார்கள். வழக்கமாக வணக்கம் சொல்கிறவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள். மாணவி காகிதங்களை அடுக்கிக்கொண்டு அருகே வந்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தாரோ என்னவோ. "அந்தம்மாகிட்ட நீங்களே ஒரு தடவை நேர்ல போய்ச் சொல்லிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை.

அவர் வீட்டுக்கு வந்தபோது மனைவி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பஸ்ஸில் வரும்போது கோத்து வைத்திருந்த வாக்கியமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"நீ சொன்னதுதான் சரி" என்றார். "அந்தக் கதையில கதவு திறக்குது. தங்கச்சிதான் வந்திருக்கா."

"எந்தக் கதையில?"

விளக்கினார். நடுத்தாள், பின், துரு, முந்நூறு நாவல் எழுதிய அம்மா, இன்றைக்கு எழுந்து நின்றது எல்லாம். அவள் ஒரு தலையணை உறையை மடியில் வைத்தபடி கேட்டாள்.

"அன்னிக்கு அவங்க முன்னாடி உன்னை அப்படிப் பேசினது தப்பு. பெரிய தப்பு. நீ இத்தனை வருஷமா மனசுக்குள்ள கோபத்தை வச்சுக்கிட்டு..."

"கோபமா?" அவள் நிஜமாகவே திகைத்துப் போனாள். "எனக்கு ஏதுங்க கோபம்? நான்தான் ரெண்டு கதையைப் போட்டுக் குழப்பிக்கிட்டேன்னு நினைச்சேன். படிச்சவர் நீங்க சிரிக்கிறீங்க, வந்தவங்களும் படிச்சவங்க, அவங்களும் சிரிக்கிறாங்க. அப்போ நான்தானே தப்பா இருக்கணும்? அந்த நாவலை மறுபடி எடுத்துப் பாக்கக்கூட இல்ல."

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அதான் அப்புறம் உங்ககிட்ட எந்தக் கதையையும் பேசறதில்ல" என்றாள் அவள், வீட்டு விஷயம் ஏதோ சொல்வதுபோல. "நான் ஏதாவது தப்பாப் படிச்சுட்டு வந்து உளறி, நாலு பேர் முன்னாடி உங்களுக்கு வெட்கமாப் போயிடக்கூடாது பாருங்க."

சொல்லிவிட்டு, மடியிலிருந்த தலையணை உறையை எடுத்து ஓரம் பார்த்து மடித்தாள்.